கரும்பு வயலின் வரவு செலவு



நாம் அன்றாடம் உண்ணும் சர்க்கரையில் மண்ணிலிருந்து வந்த பொருள் எவ்வளவு என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் மூன்று தனிமங்களால் ஆனது சர்க்கரை என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் ஒரு மூலக்கூற்றில் கார்பன் அணுக்கள் 12, ஹைட்ரஜன் அணுக்கள் 22, ஆக்சிஜன் அணுக்கள் 11 உள்ளன. கார்பனும் ஆக்சிஜனும் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வந்தவை. ஹைட்ரஜன் நீரிலிருந்து வந்தது. இவற்றை ஒன்றாக இணைத்தது கதிரவனின் ஒளி. ஆகவே தூய வெள்ளைச் சர்க்கரையில் மண்ணின் சத்து என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கரும்பு உழவன் காற்றையும் நீரையும் வெயிலையும் சேர்த்து விற்கிறான் என்றாலும் பிழையாகாது.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. சர்க்கரை மண்ணிலிருந்து எதையும் கொண்டு போகவில்லை என்றால், ஆண்டுதோறும் கரும்பு வயலுக்கு வண்டி வண்டியாக எருவும் மூட்டை மூட்டையாக உரமும் ஏன் இட வேண்டியிருக்கிறது? தொடர்ந்து கரும்பு பயிரிட்ட நிலம் ஏன் இளைத்துப் போகிறது? இதற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். இயற்கை எரு நல்லதா, இரசாயன உரம் நல்லதா என்று ஊர்தோறும் நடக்கும் வழக்கின் தீர்ப்பும் அவ்விடையில்தான் அடங்கியிருக்கிறது.

அவ்வழக்கை நான் நன்கு அறிவேன். தென்பெண்ணைக் கரையில், கரும்பு வயல்களின் நடுவே அமைந்த பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெற்றோர் கூட்டத்திற்கு வருபவர்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினால், உரத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள். “வாத்தியாரய்யா, மூட்டை உரம் வந்த பிறகுதான் மண் செத்துப் போச்சு, சாணி எருவே போதும்” என்பார் ஒரு பெரியவர். “எருவை மட்டும் நம்பினால் ஆலைக்கு வெட்ட என்ன இருக்கும்?” என்று கேட்பார் மற்றொருவர். இருவரும் அனுபவசாலிகள், இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. ஆனால் இருவரும் பாதிக் கணக்கை மட்டுமே பார்த்தவர்கள். முழுக் கணக்கையும் இன்று நாம் எழுதிப் பார்ப்போம்.

முதலில் செலவுப் பக்கம். கரும்பு பெருந்தீனிக்காரப் பயிர். பத்து மாதம் முதல் ஓராண்டு வரை நிலத்தில் நிற்பது. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்வது. ஓர் எக்டர் நிலத்தில், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரில், 100 டன் கரும்பு விளைந்தால், அப்பயிர் மண்ணிலிருந்து சுமார் 200 கிலோ தழைச்சத்தையும், 50 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட மணிச்சத்தையும், 280 கிலோ அளவுக்குச் சாம்பல்சத்தையும் எடுத்துக் கொள்கிறது. இம்மூன்று பெயர்களும் எவ்வளவு பொருத்தமானவை என்பதைக் கவனியுங்கள். தழையைச் செழிக்கச் செய்வது தழைச்சத்து, அதுவே நைட்ரஜன். தானிய மணியைத் திரளச் செய்வது மணிச்சத்து; அது பாஸ்பரஸ். விறகை எரித்த சாம்பலில் மிகுந்திருப்பது சாம்பல்சத்து, அது பொட்டாசியம்.

சர்க்கரையில் இம்மூன்றும் இல்லையே, பின் கரும்புக்கு இவை எதற்கு என்று கேட்பீர்கள். சோறு சமைக்க அடுப்பும் பாத்திரமும் வேண்டும் அல்லவா? அவற்றை யாரும் உண்பதில்லை. ஆனால் அவை இன்றிச் சோறு இல்லை. இலையின் பச்சையம் தழைச்சத்து இன்றி உண்டாகாது. வேர் ஓடுவதற்கும், ஒளியின் ஆற்றலை இலை கையாளுவதற்கும் மணிச்சத்து வேண்டும். இலையில் உண்டான சர்க்கரையைத் தண்டுக்குக் கொண்டு சேர்ப்பதில் சாம்பல்சத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இவை சர்க்கரையைச் சமைக்கும் பாத்திரங்கள். சமைத்த சோற்றை விற்கலாம். பாத்திரத்தையும் சேர்த்து விற்றுவிட்டு மறுநாள் எதில் சமைப்பது? கரும்பு வயலில் பெரும்பாலும் நடப்பது அதுதான்.

அந்தப் பாத்திரங்கள் எங்கே போகின்றன என்று தொடர்ந்து சென்று பார்ப்போம். காய்ந்த இலையாகிய சோகை வயலிலேயே கிடக்கிறது. பலர் அதற்குத் தீ வைத்து விடுகின்றனர். கொழுந்தாடை மாட்டுக்குத் தீனியாகிறது. கரும்பு ஆலைக்குப் போகிறது. அங்கே சாற்றைப் பிழிந்தபின் நிற்கும் சக்கை, கொதிகலனில் எரிந்து சாம்பலாகிறது. சாற்றில் சுண்ணாம்பு சேர்த்துத் தெளிய வைக்கும்போது மணிச்சத்தின் பெரும்பகுதி கீழே படிந்து, ‘பிரஸ்மட்’ என்று அழைக்கப்படும் ஆலைச் சேறாக வெளியேறுகிறது. சர்க்கரை படிகமான பிறகு எஞ்சும் கழிவுப்பாகில் சாம்பல்சத்து தங்கிவிடுகிறது. இவ்வாறு மண்ணின் செல்வம் சோகை, சக்கை, சேறு, கழிவுப்பாகு என்று நாம் கழிவெனக் கருதும் பொருள்களிலேயே அடங்கிக் கிடக்கிறது. மண்ணுக்குச் சொந்தமில்லாத சர்க்கரை மட்டும் மூட்டையில் ஏறிக் கடைக்குப் போகிறது. கழிவுகள் வயலுக்குத் திரும்பினால் நிலத்திற்குக் குறைவில்லை. திரும்பாவிட்டால், போனதை வெளியிலிருந்து வாங்கித்தான் ஈடு செய்ய வேண்டும்.

இனி வரவுப் பக்கம். எருவைப் பற்றி முதலில் கூறுவேன். ஏர் ஓட்டுவதைக் காட்டிலும் எரு இடுவது மேல் என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் எண்ணிச் சொன்ன நாட்டவர் நாம். தொழுவுரம், மட்கிய கம்போஸ்டு, சணப்பும் தக்கைப்பூண்டும் போன்ற பசுந்தாள் உரம், ஆட்டுக்கிடை, ஏரி வண்டல், பிண்ணாக்கு ஆகிய யாவும் நம் முன்னோர் கையாண்டவை. கடலைப் பிண்ணாக்கை இடித்துக் கரும்புத் தூரில் வைத்து மண் அணைப்பது தென்னார்க்காட்டுச் சீமையில் பெருவழக்காக இருந்தது. அதில் தழைச்சத்து நூற்றுக்கு ஏழு பங்கு அளவு உண்டு. ஆனால் தொழுவுரத்தில் இருப்பதோ நூற்றுக்கு அரைப் பங்குதான்.

இங்கே சிறிது கணக்குப் போடுங்கள். கரும்பு நடுமுன் எக்டருக்கு 12.5 டன் தொழுவுரம், அதாவது சுமார் 25 வண்டி, இட வேண்டும் என்பது தமிழ்நாட்டு வேளாண்துறையார் கூறும் அளவு. நூற்றுக்கு அரைப் பங்கு வீதம் அதில் கிடைக்கும் தழைச்சத்து 62.5 கிலோ. அதுவும் ஒரே ஆண்டில் முழுவதும் பயிருக்குக் கிட்டாது. மட்க மட்கச் சிறிது சிறிதாகவே வெளிப்படும். ஆலைக் கரும்புக்கு எக்டருக்கு 275 கிலோ தழைச்சத்து, 62.5 கிலோ மணிச்சத்து, 112.5 கிலோ சாம்பல்சத்து என்பது நம் மாநிலத்தில் நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்டு வந்த அளவு. அந்த 275 கிலோ தழைச்சத்தையும் தொழுவுரத்திலிருந்தே பெறுவதானால் 55 டன், அதாவது 110 வண்டி எரு தேவை. அவ்வளவு எருவுக்கு மாடு எத்தனை வேண்டும்? ஏர் மாட்டின் இடத்தை டிராக்டர் பிடித்துவிட்ட ஊர்களில் 25 வண்டி எரு சேர்ப்பதே அரும்பாடு. எருவே போதும் என்ற பெரியவரின் கணக்கு இடிக்கும் இடம் இதுதான்.

ஆலையில் செய்த உரத்தின் வரலாறு அவ்வளவு பழையதன்று. பயிர் உண்பது கனிமச் சத்துகளை என்றும், எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே விளைச்சலின் எல்லையை வகுக்கிறது என்றும் ஜெர்மானிய அறிஞர் லீபிக் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பரப்பினார். 1842-இல் இங்கிலாந்தில் லாஸ் என்பவர் சூப்பர் பாஸ்பேட் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் அவ்வுரத்தை முதலில் செய்த ஆலை 1906-இல் இராணிப்பேட்டையில் தோன்றியது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் முறையை ஹேபர் கண்டார். போஷ் அதனைப் பெருந்தொழிலாக்கினார். 1913-இல் அதற்கான ஆலை ஜெர்மனியில் இயங்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் சிந்திரியில் அமைந்த அரசு உர ஆலை 1951-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று நாம் மிகுதியாகக் கையாளும் யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து இருக்கிறது. 110 வண்டி எருவில் உள்ள தழைச்சத்து, 600 கிலோ யூரியாவில், அதாவது 45 கிலோ மூட்டைகள் 13 அல்லது 14-இல், அடங்கிவிடும். மூட்டையின் கவர்ச்சி இதில்தான் இருக்கிறது.

‘ஆனால் அது செயற்கை அல்லவா? எருவிலுள்ள சத்து வேறு, மூட்டையிலுள்ள சத்து வேறு அல்லவா?’ என்ற ஐயம் பலருக்கு உண்டு. மாட்டின் சிறுநீரில் உள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியாவே. 1828-இல் வோலர் என்ற ஜெர்மானிய வேதியியலார் உயிரின் துணையின்றிச் சோதனைச்சாலையிலேயே யூரியாவை உண்டாக்கிக் காட்டினார். தொழுவத்தில் பிறந்தாலும் ஆலையில் பிறந்தாலும், மண்ணில் விழுந்த யூரியா அங்குள்ள நுண்ணுயிர்களால் அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. வேர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த இரண்டையே. வேர் பிறப்பு பார்ப்பதில்லை.

வேர் பார்ப்பதில்லை, ஆனால் மண் பார்க்கிறது. எருவுக்கும் மூட்டை உரத்துக்கும் உள்ள மெய்யான வேறுபாடு இதுவே. யூரியா பயிருக்கு உணவு தருகிறது. மண்ணுக்கு ஒன்றும் தருவதில்லை. எருவில் சத்து குறைவு; ஆனால் கார்பன் மிகுதி. அந்தக் கார்பனே மண்ணில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கும் மண்புழுக்களுக்கும் உணவு. மட்கிய பொருள் மண் துகள்களைப் பொருபொருவென்று கட்டி வைக்கிறது. மணற்பாங்கான நிலத்தில் நீரைப் பிடித்து நிறுத்துகிறது. களிமண்ணில் காற்று புக வழி செய்கிறது. கரைந்து ஓடிவிடக்கூடிய சத்துகளைத் தன்னிடம் தாங்கி வைத்து வேருக்கு அளிக்கிறது. அந்தத் தாங்கும் கை இல்லாத மண்ணில் போட்ட யூரியா, ஒருபங்கு ஆவியாகி, ஒருபங்கு நீரோடு கீழிறங்கிக் கிணற்று நீரைக் கெடுத்து, எஞ்சியதுதான் பயிருக்குக் கிட்டும். மண் செத்துப்போனது என்று பெரியவர் சொன்னது உரத்தின் நஞ்சால் நேர்ந்ததன்று. எரு இல்லாமல் மண் பட்டினி கிடந்ததால் நேர்ந்தது.

இதை வெறும் கருத்தாகக் கொள்ள வேண்டா. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் இடத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை பயிரிட்டு, எரு இட்ட பாத்தி, உரம் மட்டும் இட்ட பாத்தி, ஒன்றும் இடாத பாத்தி என்று ஒப்பிட்டு வருகிறார்கள். எரு இட்டு வந்த பாத்தியின் மண்ணில், உரம் மட்டும் இட்ட பாத்தியைவிட இருமடங்குக்கு மேற்பட்ட கார்பன் சேர்ந்துள்ளது. பிற்காலத்தில் மிக உயர்ந்த விளைச்சலைத் தந்தவை எருவோடு தழைச்சத்து உரமும் சேர்த்து இட்ட பாத்திகளே. அச்சோதனையைப் பின்பற்றிக் கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிலையான உரச் சோதனை வயல், நூறாண்டைக் கடந்தது. அங்கும் ஒரு சத்தை மட்டும் தனியே இட்ட பாத்திகள் பின்தங்கின. எருவும் முச்சத்து உரமும் சேர்ந்த பாத்திகள் தளராமல் நின்றன. அவ்வயலில் விளைந்தவை கேழ்வரகும் மக்காச்சோளமும் போன்ற பயிர்கள். எனினும் மண் கற்பிக்கும் பாடம் ஒன்றே.

கரும்புக்கென்றே நடந்த நெடுஞ்சோதனை ஒன்றும் உண்டு. அது இருப்பது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில். அம்மண்ணுக்கும் தமிழருக்கும் உள்ள உறவு கண்ணீரால் எழுதப்பட்டது. 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல், ஒப்பந்தக் கூலிகளாக நம்மவரை ஏற்றிச் சென்று டர்பன் துறைமுகத்தில் இறக்கிற்று. அவர்களை அழைத்துச் சென்றதன் நோக்கம் அங்குள்ள கரும்புத் தோட்டங்களே. அந்த டர்பன் நகருக்கு அருகே மவுண்ட் எட்ஜ்கோம் என்னும் ஊரிலுள்ள கரும்பு ஆய்வு நிலையத்தார் 1939-இல் ஒரு சோதனையைத் தொடங்கினர். சில பாத்திகளில் அறுவடைக்கு முன் சோகையை எரித்தனர். சில பாத்திகளில் எரிக்காமல் மண்மீது போர்வையாகப் பரப்பினர். இவ்விரு வகையிலும் உரம் இட்ட பாத்திகளும் இடாத பாத்திகளும் இருந்தன. பல பத்தாண்டுகள் சென்றபின், சோகை போர்த்திய பாத்திகளில் மேல்மண்ணின் மட்குப்பொருள் பெருகியிருந்தது. விளைச்சலும் சராசரியில் உயர்ந்து நின்றது. உரம் மட்டுமே தொடர்ந்து இட்டு வந்ததால் மண்ணின் அமிலத்தன்மை ஏறியதையும் அங்கே கண்டனர்.

ஆகவே சோகைக்குத் தீ வைக்கும் முன் ஒரு கணம் சிந்திக்க வேண்டும். ஓர் எக்டர் கரும்பில் ஏறத்தாழ 8 முதல் 10 டன் வரை சோகை கிடைக்கும். அதில் 30, 40 கிலோ தழைச்சத்து இருக்கிறது. தீ வைத்தால் தழைச்சத்தும் கார்பனும் புகையாகப் போய்விடும். சாம்பலில் மிஞ்சுவது சாம்பல்சத்தும் மணிச்சத்தும் போன்றவையே. காற்று அடித்தால் அந்தச் சாம்பலும் அடுத்தவர் நிலத்துக்குப் போகும். சோகையைப் பார்களின் இடையே பரப்பினால் ஈரம் காக்கும், களை அடங்கும், நட்ட சில நாள்களில் பரப்பினால் இளங்குருத்துப் புழுவின் தாக்குதலும் குறையும். ஆனால் ஓர் எச்சரிக்கை. சோகையில் கார்பன் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக் கொள்ளும்; அதனால் பயிர் சிலகாலம் வெளிறித் தோன்றும். சோகைமேல் சிறிது யூரியாவையும் சாணக் கரைசலையும் தெளித்து ஈரமாக வைத்தால் இக்குறை நீங்கும். எருவுக்கும் உரத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறு வேண்டுமா? உரம் இருந்தால் சோகை விரைவில் எருவாகிறது. எரு இருந்தால் உரம் வீணாகாமல் பயிருக்குச் சேர்கிறது.

அடுத்தது காலம். மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. ஆதலால் முழுவதையும் நடுமுன் சாலில் அடியுரமாக இடுவர். தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் மூன்றாகப் பிரித்து, நட்ட 30, 60, 90-ஆம் நாள்களில் இட்டு மண் அணைப்பர். யூரியாவை வெயிலில் மேலாகத் தூவிவிட்டுப் போனால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். தூரை ஒட்டி இட்டு, மண்ணால் மூடி, உடனே அளவாக நீர் பாய்ச்ச வேண்டும். வேப்பம் பிண்ணாக்கைப் பொடி செய்து, யூரியா ஐந்து பங்குக்குப் பிண்ணாக்கு ஒரு பங்கு எனக் கலந்து வைத்து இடுவது பழைய வழக்கம். வேம்பு, யூரியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைப்பதால் சத்து நின்று நிதானமாகக் கிட்டும். அவ்வழக்கத்தின் பயனை உணர்ந்தே, நாட்டில் வேளாண்மைக்கு விற்கும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியதாக இருக்க வேண்டும் என்று 2015-இல் அரசு விதித்தது.

காலந்தாழ்த்தி இட்ட தழைச்சத்து என்ன செய்யும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன், தை மாதத்தில் ஒருநாள் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றான். கெட்டிக்காரப் பிள்ளை. காரணம் கேட்டபோது, “அப்பா வரச் சொல்லிட்டாருங்க ஐயா” என்றான். தந்தையை அழைத்து விசாரித்தேன். ஒன்றரை ஏக்கரில் வெல்லத்துக்காகக் கரும்பு போட்டிருந்தார். பயிர் ஏழாம் மாதத்தில் சற்று வெளிறியிருந்ததைக் கண்டு, கடன் வாங்கி மூன்று மூட்டை யூரியா வைத்தார். கரும்பு பச்சைப்பசேல் என்று எழும்பியது. புதிதாகப் போத்துகளும் கிளம்பின. மழையும் காற்றும் வந்தபோது தோட்டம் முழுதும் சாய்ந்தது. ஆடியபோது சாற்றில் இனிப்பு குறைந்திருந்தது. எவ்வளவு காய்ச்சியும் பாகு இறுகவில்லை. அச்சில் வார்த்த வெல்லம் கசிந்து கருத்தது. வியாபாரி சொன்ன விலையில் கடன் அடையவில்லை. பையனைக் கூலிக்கு அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

அதில் நடந்தது என்ன? கரும்பு முதிர்ச்சி அடையும் பருவத்தில் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு, சர்க்கரையைத் தண்டில் சேமிக்க வேண்டும். அப்பருவத்தில் தழைச்சத்து மிகுந்தால் கரும்பு மீண்டும் தழைக்கத் தொடங்குகிறது. சேமித்து வைக்க வேண்டிய சர்க்கரையைப் புதுத் தழைக்கும் போத்துக்கும் செலவழித்து விடுகிறது. படிகமாகாத எளிய சர்க்கரைகள் சாற்றில் பெருகுகின்றன. ஆதலால்தான் வெல்லக் கரும்புக்குத் தழைச்சத்தை 275 கிலோவுக்குப் பதிலாக 175 கிலோவோடு நிறுத்தச் சொல்கின்றனர். அந்தத் தந்தை சோம்பேறி அல்லர். பயிர்மேல் அக்கறை மிகுந்தவர். அவருக்கு இல்லாது போனது ஒரு சிறு செய்தி. அந்தச் செய்தி அவர் மகன் படித்துக்கொண்டிருந்த அறிவியல் பாடத்தின் அருகிலேயே இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் இருவரும் ஆசிரியர்களும் முன்வந்து உதவியதால் பையன் படிப்பைத் தொடர்ந்தான். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

அவ்வாண்டே மாணவர்களைக் கொண்டு மண் மாதிரி எடுக்கச் செய்தோம். அது மிக எளிய வேலை, நீங்களும் செய்யலாம். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விலக்கி, வயலில் பத்துப் பதினைந்து இடங்களைத் தேர்ந்து கொள்ளுங்கள். மேலே கிடக்கும் சருகை அகற்றிவிட்டு, 22.5 சென்டிமீட்டர், அதாவது ஒன்பது அங்குல ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலக் குழி வெட்டி, அதன் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் செதுக்குங்கள். எல்லா இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து, நான்கு பங்காக்கி எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்து, அரைக் கிலோ மிஞ்சும் வரை குறைத்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் இட்டு, பெயரும் புல எண்ணும் எழுதி மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் இதன் பொருட்டே ஏற்பட்டது. பொதுப் பரிந்துரை என்பது எல்லாருக்கும் தைத்த சட்டை. மண் பரிசோதனை உங்கள் நிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

பரிசோதனை இல்லாவிடில் உழவர் எதைக் கொண்டு முடிவு செய்கிறார்? விலையைக் கொண்டு. 2010-இல் சத்தின் அளவுக்கேற்ற மானியம் என்ற முறை வந்தபோது, மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்கள் அதில் சேர்ந்தன, யூரியா சேரவில்லை. அதன் விலை மட்டும் அரசால் தாழ்த்தி நிறுத்தப்பட்டது. மலிவானதை மிகுதியாக வாங்குவது மனித இயல்பு. ஆகவே பல வயல்களில் தழைச்சத்து அளவை மீறியது, சாம்பல்சத்து குறைந்தது. லீபிக் பரப்பிய விதியை இங்கே நினைவு கூருங்கள். பீப்பாயின் பலகைகளில் குட்டையான பலகையின் உயரம் வரைதான் நீர் நிற்கும். நெட்டைப் பலகையை மேலும் நீட்டிப் பயன் என்ன?

குட்டைப் பலகை சில வேளை மிகச் சிறியதாகவும் இருக்கும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் மறுதாம்புக் கரும்பின் இளங்குருத்து வெளுத்துப் போவதைக் கண்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. யூரியா எவ்வளவு போட்டாலும் தீராது. அன்னபேதி உப்பைத் தொழுவுரத்தோடு கலந்து இட்டால் தீரும். தனியே இட்ட அன்னபேதியைச் சுண்ணாம்பு மண் விரைவில் கட்டிப்போட்டு விடும். எருவோடு கலந்தது வேருக்கு எட்டும் நிலையில் நிற்கும். இங்கும் இரண்டும் சேர்ந்தே வேலை செய்வதைக் காண்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத உதவியாளர்களும் உண்டு. அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் வேரை ஒட்டி வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு ஆக்கித் தருகிறது. கரும்பின் உடலுக்குள்ளேயே குடியிருந்து அவ்வேலையைச் செய்யும் மற்றொரு நுண்ணுயிரை 1988-இல் பிரேசில் நாட்டில் ஜோஹன்னா டோபரைனர் அம்மையாரும் அவருடன் ஆராய்ந்தவரும் வெளியிட்டனர். இவற்றைத் தொழுவுரத்தில் கலந்து இட்டால் தழைச்சத்து உரத்தில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். ஆனால் இரசாயன உரத்தோடு நேரே கலத்தல் ஆகாது. உப்பு அவற்றைக் கொன்றுவிடும்.

இனி, ஆலைக்குப் போன பாத்திரங்களைத் திரும்பப் பெறுவதைச் சொல்லி முடிக்கிறேன். நூறு டன் கரும்பை அரைத்தால் மூன்று நான்கு டன் ஆலைச் சேறு கிடைக்கிறது. அது மணிச்சத்து நிறைந்த நல்ல எரு. புதிதாக இட்டால் சூடு காணும். மட்க வைத்து இட வேண்டும். கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் வடித்தபின் எஞ்சும் நீரில் சாம்பல்சத்து மிகுதி. அதனைக் கொதிகலனில் எரித்துப் பெறும் சாம்பலைத் தூளுரமாக்கி, நூற்றுக்கு 14.5 பங்கு சாம்பல்சத்து உள்ள உரமாக விற்கிறார்கள். 2021-இல் அதற்கும் அரசு மானியம் அளித்தது. சாம்பல்சத்து உரத்துக்குப் பெரிதும் வெளிநாட்டுச் சுரங்கங்களையே நம்பியிருக்கும் நம் நாட்டில், நம் கரும்பு மண்ணிலிருந்து எடுத்த சத்து மீண்டும் நம் மண்ணுக்கே வருவது எவ்வளவு பெரிய ஆதாயம்!

மாணவ நண்பர்களே, உரம் என்ற சொல்லுக்கு வலிமை என்றும் பொருள் உண்டு. மூட்டை உரம் இவ்வாண்டுப் பயிருக்கு வலிமை. எரு வருங்கால மண்ணுக்கு வலிமை. ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்பவர், இன்றைக்காக நாளையையோ, நாளைக்காக இன்றையோ இழக்கிறார். கரும்பு வயல் உள்ள வீட்டுப் பிள்ளைகள் இவ்வாண்டு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் கொள்ளுங்கள். இடப்பக்கத்தில், எத்தனை டன் கரும்பு வெட்டினோம், சோகையை என்ன செய்தோம் என்று எழுதுங்கள். வலப்பக்கத்தில், எத்தனை வண்டி எரு, எத்தனை மூட்டை உரம், எந்தெந்த நாளில் இட்டோம் என்று எழுதுங்கள். எழுதியதைத் தந்தையார்க்குப் படித்துக் காட்டுங்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யக்கூடிய கைம்மாறுகளில் அது சிறியதன்று.